மூன்று சுழி

புறப்பட மூன்று நாளுக்கு முன்னமே
கறுவாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று.
பதினெட்டுக் கிலோ நாய்க்கு இது காணும் என்று
மிருக வைத்தியர் பெட்டியில் கோடு போட்டுத் தந்தது.
மீன் பணிசுக்குள் ஒளித்து வைத்தோம்.
பணிசைத் தின்று மாத்திரையைத் துப்பிற்று.
மறுகா இன்னொரு பணிஸ்.
மறுகா அவர் வாயைப் பிடிக்க
நான் தொண்டையைத் தடவ
விழுங்கிற்று.
அந்த வாரம் நாங்கள் இருவரும்
சேர்ந்து செய்த ஒரே வேலை.

உன்னிச்சைக் குளத்தோரம்
மாடுகள் நடந்து தேய்ந்த தடம்.
அதில் கூடாரம் அடிக்கவேண்டாம் என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.
மகளிடம் சொன்னேன்.
"அப்பாட்ட சொல்லு, மாடு படுத்த புல்லில
உண்ணி கிடக்குமாம்."
"அம்மாட்ட சொல்லு, அப்பாக்கும் தெரியுமாம்."
ஒன்பது வயதுத் தபால்காரி
இரண்டு முறை நடந்து
மூன்றாம் முறை மாட்டேன் என்றுவிட்டாள்.

மருத மரத்துக்கு இப்பால், கிறவல் தரையில்
சருகு கூட்டித் தள்ளி அடித்தோம்.
காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகி
மூவரும் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குத்
தோற்கப் போகிறவர்கள் மாதிரி நின்றோம்.
கறுவாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.
தண்ணீர், சேறு, எருமைச் சாணம், மறுபடி தண்ணீர்.

இரவு டோர்ச் வெளிச்சத்தில் அதைப் புரட்டினோம்.
காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழ்,
விரலுக்கும் விரலுக்கும் நடுவில், வாலடியில்.
எள்ளளவில் ஒன்று
கடிக்க இடம் தேடி நடந்துகொண்டிருந்தது.
சீப்பில் தெள்ளு வந்தது என்று மகள் சாதித்தாள்.
தேயிலைத் தூள்.
பிறகு அவளை. தலைமயிர், கக்கம், தொப்புள்,
முழங்கால் மடிப்பு.
கூச்சத்தில் சிரித்துச் சிரித்தே நித்திரையானாள்.

தூரத்தில் யானைவெடி ஒன்று.
இனி நாங்கள்.
அவர் சேட்டைக் கழற்றி
ஒன்றும் பேசாமல் முதுகைத் திருப்பினார்.
கட்டார் விண்ணப்பத்தைப் பைலுக்குள் நான் கண்டு
அன்றோடு பதினொரு நாள்.
தோளில் புதிதாய் ஒரு மச்சம்.
மச்சம்தானா என்று நகத்தால் தொட்டுப் பார்த்தேன்.
மச்சம்தான்.

என் பிடரியில் அவர் விரல் நின்றது.
"அசையாதகா."
"நசுக்காதீங்க. நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய்
ஒண்டும் வேணாம்.
இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு
நேரா, மெல்ல இழுங்க."
பதினொரு நாளில் அவரோடு நேராய்ப் பேசியது இவ்வளவுதான்.
மூச்சு கழுத்தில் பட்டது.
"தலையும் வந்திட்டு" என்றார்.
ஸ்பிரிட் தடவினார். எரிந்தது.
பிறகு, பஞ்சைப் பார்த்துக்கொண்டு,
"கேட்டுப் பாத்தது மட்டும்தான்" என்றார்.
"மற்றக் காதுக்குப் பின்னாலயும் பாருங்க" என்றேன்.
ஒள்ளம் அதிக நேரம் பார்த்தார்.

காலையில் அந்த உண்ணியை ஜாம் போத்தலில் போட்டு
ஸ்பிரிட் ஊற்றித் திகதி எழுதச் சொன்னேன்.
காய்ச்சல் கீய்ச்சல் வந்தால்
டொக்டரிடம் காட்டவேணும்.
மகள் இடத்தையும் எழுதினாள்: உண்ணிச்சை.
"அது ரெண்டு சுழி" என்றார் அவர்.
"உள்ளுக்குக் கிடக்கிறது மூண்டு சுழிதானே?"
அவருக்குப் பதில் இல்லை. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்து
உடுப்பு, விரிப்பு எல்லாம் கொதிநீரில்.
கூடாரம் மதில்மேல், வெயிலில்.
போத்தல் அலுமாரித் தட்டில்
அவருடைய பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.
ரெண்டு சுழி போட்டுப் பிரித்தால்
உன் இச்சை என்று வரும்.
அது என்னவென்று நான் இன்னும் கேட்கவில்லை.

விறாந்தையில் கறுவா
பின்னங்காலால் காதைச் சொறிகிற சத்தம்.
இருட்டில் இருவரும்
ஒரே டோர்ச்சுக்குக் கை நீட்டுகிறோம்.